பேரனின் நுரையீரலுக்குள் ஊற்றிய வெள்ளை மருந்து

கேள்வி: என் மகளுக்கு 30 வாரத்திலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. மூச்சுக்குழாய் வழியாகப் பால் போல ஒரு மருந்தை ஊற்றினார்கள். கடல் தண்ணி ஒரு மடக்கு புரைக்கேறினாலே நாங்கள் பதறிப்போவோம். பிள்ளையின் நுரையீரலில் போய் ஊற்றலாமா டாக்டர்?
- ஒரு பாட்டி, பாம்பன்

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. நானும் தொண்டிக் கடலில் குளித்து வளர்ந்தவன்தான். கரையேறும்போது நனைந்த வேட்டி காலோடு ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் பிரியாது. நுரையீரலின் காற்றுப்பைகளும் உள்ளே ஈரமானவை. அவை அப்படி ஒட்டிச் சுருங்காமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம். வயிற்றில் 24 வாரம் வாக்கில் உருவாகத் தொடங்கி, சுமார் 35 வாரத்தில்தான் போதிய அளவுக்கு வரும். உங்கள் பேரன் அதற்கு முன்பே வந்துவிட்டான். அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும், ஒட்டிய பைகளை மறுபடி பிரிக்கப் போராடுவான். விலா உள்வாங்கும், முனகுவான். அவனுக்கு ஊற்றிய வெள்ளை மருந்து அந்த சர்ஃபாக்டன்ட்தான்.

சர்ஃபாக்டன்ட் போதாத இந்தக் குறையை அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் அவேரி 1959இல் கண்டுபிடித்துச் சொன்னார். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இதே நோயில் 2 நாளில் இறந்தான். அன்று இந்த மருந்து இல்லை. 1980இல்தான் ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து சர்ஃபாக்டன்டை எடுத்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துக் காட்டினார்.

ஊற்றியது சில மில்லிதான். அது தண்ணீர் போலத் தேங்காது, படலமாகப் பரவிவிடும். சரி, மகளிடம் சொல்லுங்கள்: தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்கட்டும்.