இரண்டு கோடுகள் போதுமா?

அன்புள்ள ஐயா,

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் ஃபுல்லரீன் அயனி (அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்து, ஓர் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு) இருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1994-லேயே தொலைநோக்கியில் தடயம் கிடைத்துவிட்டது என்றால், உறுதிசெய்ய ஏன் 2015 வரை ஆனது? தவிர, விண்மீன் ஒளியில் இரண்டு இருண்ட கோடுகள் பொருந்தியதை வைத்து மூலக்கூறையே கண்டுவிட்டோம் என்பது அவசரமில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் சரியானது. 1998-ல் ஏழு கார்பன் அணுக்கள் கொண்ட ஓர் எதிர்மின் அயனியின் ஆய்வக நிறமாலை, அதாவது அது எந்தெந்த அலைநீள ஒளியை விழுங்குகிறது என்ற பதிவு, விண்மீன் ஒளியில் காணும் சில இருண்ட பட்டைகளோடு பொருந்துவதாகத் தோன்றியது. 2001-ல் இன்னும் துல்லியமாக விண்மீன் ஒளியை அளந்தபோது அது பொருந்தவில்லை; கைவிட்டார்கள். இப்படிப்பட்ட பட்டைகள் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. ஏதாவது ஒன்றின் பக்கத்தில் போய் நிற்பது எந்த மூலக்கூறுக்கும் எளிது.

ஃபுல்லரீன் விஷயத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்தில் ஜான் மையர் குழு 1993-ல் அந்த அயனியை உறைந்த நியானுக்குள் வைத்து அளந்தது. அதை வழிகாட்டியாக வைத்துத்தான் அடுத்த ஆண்டு 957.7, 963.2 நானோமீட்டரில் இரண்டு பட்டைகளைக் கண்டார்கள். ஆனால் சுற்றியிருக்கும் நியான், கோடுகளைச் சற்றே நகர்த்திவிடும். விண்வெளியிலோ அயனி தனியாக, கடுங்குளிரில் இருக்கிறது. அதே நிலையில் அளக்காமல் எதையும் சொல்ல முடியாது.

அங்கேதான் சிக்கல். ஆய்வகத்தில் அயனிப் பொறிக்குள் பிடித்துவைக்கும் அயனிகள் மிகக் குறைவு. அவை விழுங்கும் ஒளியை நேரடியாக அளக்க வழியில்லை. 2015-ல் மையர் குழு கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. சுமார் 6 கெல்வினுக்குக் குளிர்வித்து, ஒவ்வோர் அயனியிலும் ஒரு ஹீலியம் அணுவை ஒட்டவைத்தார்கள். அயனியின் நிறை 720 அணு நிறை அலகிலிருந்து 724 ஆகும். சரியான அலைநீளத்தில் லேசர் பட்டால் அயனி ஒளியை விழுங்கும், ஹீலியம் கழன்றுவிடும். அப்புறம் ஒவ்வோர் அலைநீளத்திலும் 724 நிறையுள்ள அயனிகள் எவ்வளவு குறைந்தன என்று எண்ணினால் போதும், அதுவே நிறமாலை. அப்படிக் கிடைத்த கோடுகள் 1994-ல் கண்ட இரண்டு பட்டைகளோடு பொருந்தின. ஹீலியமும் கோட்டை நகர்த்தும், ஆனால் மிகச் சிறிதளவு. ஒட்டும் ஹீலியங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து, அந்த நகர்வையும் பின்னர் கணக்கிட்டார்கள்.

இரண்டு கோடு போதாது என்பதை நானும் ஏற்கிறேன். 963.2-ல் விண்மீனின் சொந்த மக்னீசியக் கோடு வேறு கலந்துவிடுகிறது. ஆய்வகம் இன்னும் சில மெலிந்த கோடுகளையும் காட்டியது. பூமிக் காற்றின் நீராவி அவற்றை மறைத்தது. 2019-ல் காற்றுக்கு மேலிருக்கும் ஹப்பிள் தொலைநோக்கி 936.5, 942.8 நானோமீட்டரிலும் அவற்றைக் கண்டது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது அதற்குப் பிறகுதான்.