படித்த ராணுவ அகாடமிக்குப் பணம் மட்டும்தான் கொடுக்க முடியுமா?

இல்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் 1833-இல் தேறிய ஜார்ஜ் கல்லத்தைப் பாருங்கள். 1864 முதல் 1866 வரை அங்கேயே தலைவராகவும் இருந்தார். 1892-இல் இறந்தபோது, நினைவு மண்டபம் கட்ட உயிலில் 2,50,000 டாலர் எழுதி வைத்திருந்தார். கல்லம் ஹால் இன்றும் நிற்கிறது.

சரி, பணம் இருந்தவர் கொடுத்தார். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் தொகுத்த பதிவேடுதான். அங்கே தேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண், கூடவே எங்கே பணி, என்ன பதவி, எந்தப் போர் என்ற விவரம். 1802-இல் முதலில் தேறிய ஜோசப் ஸ்விஃப்டுக்கு எண் 1. பின்னாளில் ஜனாதிபதியான கிராண்டுக்கு 1187. உட்கார்ந்து விவரம் திரட்டுகிற சலிப்பான வேலை. யாரும் எளிதில் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர் காலத்துக்குப் பிறகும் பதிவேடு தொடர்ந்தது. அந்த எண்ணுக்குப் பெயரே ‘கல்லம் எண்’.