ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதன் ஆன்மீக அர்த்தம் என்ன?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஞாயிறு கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய பாடு போச்சு. ஓய்வுநாள் பழைய ஏற்பாட்டுச் சட்டம்தானே, இன்றும் எதற்கு?"

நியாயமான கேள்வி. விவிலியத்தில் விடுதலைப் பயணம் நூலின் 20-ஆம் அதிகாரம் சொல்லும் காரணம் படைப்பு: கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். இணைச்சட்டம் நூலின் 5-ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலருக்குச் சொல்லும் காரணமே வேறு. எகிப்தில் நீ அடிமையாய் இருந்தாய், அதனால் உன் வேலைக்காரரும் உன்னைப்போல ஓய்வெடுக்கட்டும், மாடும் கழுதையும்கூட. எனக்கு இதுதான் கனமாகப் படுகிறது. விசைப்படகு முதலாளி மட்டும் ஓய்ந்தால் போதாது. கூலிக்குக் கடலேறும் தம்பியும், ஐஸ் உடைக்கிறவரும், கருவாடு காயப்போடும் அக்காமாரும் மூச்சுவிட வேண்டும்.

சரி, வருமானம்? பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்குக் கடவுள் தந்த மன்னா என்ற உணவு ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது. ஏழாம் நாள் சேர்க்கப் போனவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிழைப்பு என் கையில் மட்டும் இல்லை என்று உடம்பாலேயே சொல்லும் செபம் ஓய்வு.

அதற்காக இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. கை சூம்பியவரை இயேசு ஓய்வுநாளில்தான் குணமாக்கினார். ஞாயிறன்று புயல் எச்சரிக்கை வந்தால் வள்ளத்தைக் கரையேற்றுங்கள், பக்கத்து வீட்டார் வள்ளத்தையும் சேர்த்து. பூசை முடிந்த கையோடு வலையின் கிழிசலைப் பார்க்க உட்காருவதுதான் எனக்கு உறுத்துகிறது. அது திங்கட்கிழமை வேலை.

அப்புறம், சனியா ஞாயிறா? யூதர்களுக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவ சபையாருக்கும் சனி. பெரும்பாலான சபைகளுக்கு இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறு. நாளை வைத்து யாரும் உங்களைக் குற்றவாளியாக்க விடாதீர்கள் என்கிறார் திருத்தூதர் பவுல், கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் (2:16).