ரஷ்யாவுக்கு ஸ்டாலின் எதற்கு, மூன்றாம் இவான் இருக்கிறாரே

கேள்வி: ஒரு நாட்டையும் அதன் தலைவரையும் எடுத்துக்கொண்டு வளர்த்து ஆடுகிற சிவிலைசேஷன் என்ற கம்ப்யூட்டர் கேமில் ரஷ்யா என்றாலே மன்னர் பீட்டர், இல்லாவிட்டால் ராணி கேத்தரின். நான்காம் பாகத்துக்கு அப்புறம் ஸ்டாலினைக் கழற்றி விட்டார்கள். ஆடுவதற்கு அவர்தானே செம லீடர்? வரலாற்றை மறைக்கத்தானே இந்த வேலை?

பதில்: மறைக்கவில்லை. 1991-ல் வந்த முதல் பாகத்தில் ரஷ்யாவின் தலைவரே ஸ்டாலின்தான், 1996-ல் வந்த இரண்டாம் பாகத்தில் லெனினும் கேத்தரினும், அப்புறம் நான்காம் பாகத்துக்கு 2006-ல் வந்த வார்லார்ட்ஸ் எக்ஸ்பான்ஷனில் மறுபடி ஸ்டாலின். நானும் அவரை வைத்து ஆடியிருக்கிறேன். அவருக்குக் கொடுத்திருந்த குணங்களில் ஒன்று இண்டஸ்ட்ரியஸ், அதாவது உலக அதிசயங்களை 50 சதவீதம் வேகமாகக் கட்டலாம். அந்த 50 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று கேம் சொல்வதே இல்லை. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

நிஜத்தில் எங்கிருந்து வந்தது? ஸ்டாலின் ஆட்சியில் வெட்டிய வெண்கடல்–பால்டிக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 227 கிலோமீட்டர் நீளம், 1931 கடைசியில் தொடங்கி 1933 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள், தோண்டியவர்கள் கைதிகள், கையில் இருந்தது மண்வெட்டி, கடப்பாரை, மரத்தில் செய்த தள்ளுவண்டி. செத்தவர்கள் அரசு எழுதிவைத்த கணக்கிலேயே 12,000-க்கு மேல். இவ்வளவுக்கும் பிறகு கால்வாய் ஆழம் போதவில்லை, பெரிய கடற்கப்பல்கள் அதில் போக முடியவில்லை. கேமில் நீங்கள் அந்த வேகத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு பிரமிடைக் கட்டி முடிக்கிறீர்கள், திரையில் ஒருவரும் சாகவில்லை. இப்படிச் செய்தால்தான் வரலாறு மறைகிறது.

ஸ்டாலினாக ஆடியே தீர வேண்டும் என்றால் இரண்டாம் உலகப் போரை வைத்துச் செய்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 கேமைப் போய் ஆடுங்கள். அங்கே களையெடுப்பு, அதாவது சந்தேகப்பட்ட சொந்த ஆட்களையே ஸ்டாலின் ஒழித்துக்கட்டிய வேலை, நடந்தால் உங்கள் தளபதிகளே காணாமல் போவார்கள், ஜெர்மனி வருவதற்குள் படையை மறுபடி நிமிர்த்த முடியாமல் திணறுவீர்கள். அதிலும் எல்லாக் கணக்கும் இல்லை, ஆனாலும் அவர் செய்ததற்கு ஆடுகிறவர் ஏதோ ஒரு விலை கொடுக்கிறார்.

"பீட்டர் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். பீட்டர்ஸ்பர்க் நகரத்தைச் சதுப்பு நிலத்தில் எழுப்பியது கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட குடியானவர்கள். பெற்ற மகன் அலெக்சேய் 1718-ல் கோட்டைச் சிறையில் சித்திரவதைப்பட்டு இறந்தான். ஆனால் ஆறாம் பாகத்தில் பீட்டருக்கு என்ன திறன் கொடுத்தார்கள் பாருங்கள்: நம்மைவிட முன்னேறிய நாட்டுக்கு டிரேட் ரூட் அனுப்பினால், அவர்கள் நம்மைவிட எத்தனை டெக்கில் (தொழில்நுட்பத்தில்) முன்னால் இருக்கிறார்களோ, மூன்றுக்கு ஒன்று வீதம் நமக்கு சயின்ஸ் வரும். 1697-ல் பீட்டர் மிகைலோவ் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஹாலந்து போய், ஆம்ஸ்டர்டாம் கப்பல் பட்டறையில் மாதக்கணக்கில் தச்சனாக வேலை பார்த்துக் கற்றுக்கொண்டார் அல்லவா, அதை அப்படியே ஆட்டத்தின் விதியாக்கிவிட்டார்கள். பின்தங்கியிருப்பதே பலமாகிற இடம் இது. ஒரு லீடரை இப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன்.

ஆனால் அதே பாகத்தில் ஒரு பெரிய கோளாறும் உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. ரஷ்யாவின் தூந்திர நிலத்தில் ஃபெய்த், அதாவது மதத்துக்கான புள்ளிகள், கொட்டுகிறது, கூடவே லாவ்ரா (பெரிய மடாலயம்) என்ற தனி டிஸ்ட்ரிக்ட், அதனால் பீட்டரை எடுத்தவர்களில் பாதிப் பேர் மதத்தைப் பரப்பித்தான் ஜெயிக்கிறார்கள். பீட்டரா மதத்தைப் பரப்பினார்! 1700-ல் நார்வாவில் தோற்றுப் பீரங்கிகளை இழந்ததும் தேவாலய மணிகளை இறக்கி உருக்கி பீரங்கி வார்க்கச் சொன்னவர். 1721-ல் ரஷ்யத் திருச்சபைக்குத் தலைவர் என்ற பதவியையே ஒழித்து, அந்த இடத்தில் அரசுக்குக் கட்டுப்பட்ட ஒரு குழுவை உட்கார வைத்தவர்.

அந்த லாவ்ராவுக்குப் பொருத்தமான ஆள் மூன்றாம் இவான். 1462 முதல் 1505 வரை மாஸ்கோவை ஆண்டவர், கிரெம்ளினுக்குள் இன்றும் நிற்கும் உஸ்பென்ஸ்கி பேராலயத்தை இத்தாலியிலிருந்து ஃபியோரவந்தியை வரவழைத்துக் கட்டியவர். 1478-ல் நோவ்கொரோத் நகரைப் பணிய வைத்ததும், ஊர் மக்களைச் சபைக்குக் கூப்பிட அடிக்கும் மணியைக் கழற்றி மாஸ்கோவுக்கு எடுத்துப் போனார். மணி போனதோடு சபையும் போயிற்று. இவரும் நல்லவர் இல்லை, அங்கிருந்த பெரிய குடும்பங்களின் நிலத்தைப் பிடுங்கி ஊரைவிட்டுத் துரத்தினார். இப்படி ஒரு ஊரை விழுங்கினால் அதன் கல்ச்சர் பாதி செத்துப்போகும் என்று கேமிலும் விதி வையுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

இவரைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் உக்ரா ஆறுதான். 1480 இலையுதிர் காலத்தில் ஒரு கரையில், மாஸ்கோவிடம் கப்பம் வாங்கிவந்த மங்கோலிய வழிவந்த அரசின் தலைவர் அக்மத் கானின் படை, மறுகரையில் இவானின் படை. துறைகளில் கான் ஆட்கள் ஆற்றைக் கடக்க முயன்றபோதெல்லாம் அடித்துத் திருப்பினார்கள். வருவார் என்று கான் நம்பியிருந்த லித்துவேனியாவின் கசிமிர் வரவே இல்லை. குளிர் ஏற ஏற, நவம்பரில் கான் திரும்பிப் போய்விட்டார். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமேல் இருந்த மங்கோலிய ஆதிக்கம் என்ற நுகம், பெரிய போரே இல்லாமல் இறங்கியது. இதை விதியாக எழுதினால் எப்படி இருக்கும்? ஆற்றங்கரையில் நம் படை நகராமல் நிற்கிற ஒவ்வொரு டர்னுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் படையின் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும், எதிரிக்கு உதவ வேறு நாடு வந்துவிட்டால் அது நின்றுவிட வேண்டும். அப்போது வாளைவிட ராஜதந்திரத்துக்குத்தான் நீங்கள் அதிகம் செலவழிப்பீர்கள்.

மோட், அதாவது கேமில் ஆடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றம், செய்யத் தெரிந்தவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்தால் எனக்கு அனுப்புங்கள், முதல் ஆட்டத்தை நானே ஆடிப் பார்த்து எழுதுகிறேன்.