ஏஜென்ட்டின் மாற்றத்தை நிராகரிக்கும் கருவிக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

கேள்வி: ஏஐ ஏஜென்ட் கோடில் செய்யும் மாற்றங்களைப் பரிசோதித்து, எங்கள் விதிகளுக்குப் பொருந்தாதவற்றை நிராகரிக்கும் ஒரு கருவியை எழுதியிருக்கிறோம். ரீட்மீயில் (கருவியோடு வரும் விளக்கக் கோப்பில்) எல்லா விதிகளையும் விளக்கியிருக்கிறோம். ஆனாலும் ஏஜென்ட் அதே மாற்றத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சில நேரம், கோடு சரிதானா என்று சோதிக்கும் டெஸ்ட் கோப்பையே அழித்துவிடுகிறது. ஆவணத்தில் என்ன குறை?

பதில்: ரீட்மீ நன்றாகவே இருக்கலாம். ஆனால் மாற்றம் நிராகரிக்கப்படும் நேரத்தில் ஏஜென்ட் படிப்பது அதை அல்ல, உங்கள் கருவி திருப்பி அனுப்பும் செய்தியைத்தான். அதில் "மாற்றம் ஏற்கப்படவில்லை" என்று மட்டும் இருந்தால், வேறு ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. டெஸ்ட்டை அழிப்பதும் அப்படிப்பட்ட ஒரு 'வேறு ஏதாவது'தான். ஆகவே நிராகரிப்புச் செய்தியையே ஆவணத்தின் முதல் பக்கமாக நினைத்து எழுதுங்கள்.

எந்த விதி, எந்தக் கோப்பில் எந்த வரி, ஏன் கூடாது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தச் செய்தியிலேயே வந்துவிட வேண்டும். உதாரணமாக: "விதி 14: ஆர்டர்ஸ்.பை, வரி 42. பாஸ்வேர்டு கோடில் நேரடியாக எழுதப்பட்டுள்ளது. ரெப்போவை (கோடு சேமிப்பிடத்தை) பார்க்கும் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்பிலிருந்து) எடுக்கவும். திருத்திய பின் மீண்டும் அனுப்பலாம்." காரணத்தை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரிந்தால், பாஸ்வேர்டை இன்னொரு கோப்புக்கு நகர்த்தினாலும் பயனில்லை என்று ஏஜென்ட்டால் ஊகிக்க முடியும்.

பெரும்பாலான கருவிகள் கோட்டை விடுவது கடைசி வாக்கியத்தில், அதாவது மீண்டும் அனுப்பலாமா வேண்டாமா என்பதில். எல்லா நிராகரிப்பும் ஒரே வகை அல்ல. சில, திருத்தினால் ஏற்கப்படும். சில, அடிப்படைக் கோடு இதற்குள் மாறிவிட்டதால் வருபவை. புதிய பதிப்பை எடுத்து அதன்மேல் மாற்றத்தைச் செய்ய வேண்டும். இன்னும் சிலவற்றை மனிதர் ஒப்புதல் இல்லாமல் என்ன செய்தாலும் ஏற்க முடியாது. இணையத் தொடர்புக்கான ஹெச்டிடிபி நெறிமுறையில் 409 (மோதல்), 403 (அனுமதி இல்லை) என்று தனித்தனி எண்கள் இருப்பதும் இந்த வேறுபாட்டுக்காகத்தான். உங்கள் டெஸ்ட் சிக்கல் மூன்றாவது வகை. அதற்கான செய்தி இப்படி இருக்கட்டும்: "விதி 22: ஏற்கெனவே இருந்த டெஸ்ட் நீக்கப்பட்டுள்ளது. இதற்கு மனிதரின் ஒப்புதல் தேவை. டெஸ்ட்டைப் பழையபடி வைத்துவிட்டு, அது ஏன் தடையாக இருந்தது என்று எழுதி வேலையை நிறுத்தவும்." நிறுத்தலாம் என்று சொல்லாதவரை, வேலையை முடிப்பதே தன் கடமை என்று ஏஜென்ட் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

கருவியே பழுதடைவதை நிராகரிப்போடு கலந்துவிடாதீர்கள். டைம்அவுட் ஆனாலும் விதி மீறினாலும் ஒரே எக்ஸிட் கோடு (நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்) வந்தால், சரியாக இருக்கும் கோடை ஏஜென்ட் திருத்தத் தொடங்கிவிடும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஆவணத்தில் எழுதும்போது, கருவி எங்கே இயங்குகிறது என்பதையும் பாருங்கள். கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட்டின் ப்ரீ-கமிட் ஹூக்கில் (மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட்டுக்கு முன் தானாக ஓடும் நிரலில்) 0 தவிர எந்த எண் வந்தாலும் கமிட் நின்றுவிடும். கிளாட் கோடு என்ற ஏஜென்ட்டில், அது ஒரு டூலைப் பயன்படுத்தும் முன் ஓடும் ப்ரீ-டூல்-யூஸ் ஹூக்கில் அப்படி இல்லை: 2 வந்தால்தான் செயல் தடுக்கப்பட்டு, எஸ்டிடிஎர்ரில் (பிழைச் செய்திகளுக்கான வெளியீட்டில்) எழுதியது மாடலுக்குப் போகும். அங்கே 1 அனுப்பினால், தடுத்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்திருக்க, செயல் நடந்து முடிந்திருக்கும். எம்சிபி (ஏஐ மாடல்களோடு வெளிக் கருவிகளை இணைக்கும் நெறிமுறை) வழியாக இணைத்திருந்தால், நிராகரிப்பை ப்ரோட்டோகால் பிழையாக அனுப்பாமல், டூலின் பதிலுக்குள்ளேயே 'இஸ்-எர்ரர்' என்ற அடையாளத்தோடு அனுப்புங்கள். மாடல் படித்துத் திருத்திக்கொள்ள வேண்டிய பிழைகளுக்கு அதுதான் வழி.

விதிகளுக்கு நிலையான எண் கொடுங்கள். ரஸ்ட் கம்பைலர் இதை அழகாகச் செய்கிறது: பிழையோடு இ0382 போன்ற ஒரு குறியீடு வரும்; 'எக்ஸ்ப்ளெயின்' ஆப்ஷனோடு அதைக் கேட்டால் முழு விளக்கமும் உதாரணமும் கிடைக்கும். உங்கள் கருவியிலும் இப்படி ஒரு கட்டளை இருந்தால் செய்தி சுருக்கமாக இருக்கும், ஏஜென்ட்டின் கான்டெக்ஸ்ட்டும் (அது ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்கக்கூடிய உரையின் அளவும்) வீணாகாது. அப்புறம், ஏஜென்ட்டுகளுக்கான குறிப்புகளை வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில் நாலைந்து வரி போதும்: எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும், எண்களின் பொருள் என்ன, எப்போது நிறுத்த வேண்டும்.

"பரிசோதனையைத் தாண்டிச் செல்லாதே" என்று ஆவணத்தில் எழுதுவதை மட்டும் பாதுகாப்பாக நம்ப வேண்டாம். கமிட் கட்டளையில் 'நோ-வெரிஃபை' ஆப்ஷன் போட்டால் ப்ரீ-கமிட் ஹூக் ஓடவே ஓடாது. கட்டாயமான விதிகளை சர்வர் பக்கத்து ப்ரீ-ரிசீவ் ஹூக்கிலோ (மாற்றத்தை சர்வர் ஏற்கும் முன் ஓடுவது) சிஐயிலோ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) வையுங்கள்.

எழுதி முடித்ததும், பழைய உரையாடல் எதுவும் இல்லாத ஒரு புதிய செஷனைத் திறந்து, ஒவ்வொரு விதியையும் வேண்டுமென்றே மீற வையுங்கள். செய்தியைப் பார்த்ததும் ஏஜென்ட் முதலில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அது தவறாக இருந்தால், ரீட்மீயில் பத்தி சேர்க்காமல் அந்தச் செய்தியின் வாசகத்தை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.