ஃபேமிகாம் விளையாட்டுகளின் இசை இன்னும் மனதில் நிற்பது ஏன்?

ஃபேமிகாம் என்ற பழைய வீடியோ கேம் கருவியில், வெறும் ஐந்து குரல்களில் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய தனித்தனி ஒலிகளில்) எப்படி இவ்வளவு நல்ல இசை வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பற்றாக்குறைதான் முக்கியக் காரணம் என்பேன்.

1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் ஒலிச் சிப்பில் இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை (ஒலியலையின் வடிவம்தான் பெயர்), ஒரு இரைச்சல், குட்டி ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று, அவ்வளவுதான். சதுர அலைகள் மெட்டையும் துணைமெட்டையும் எடுத்துக்கொள்ளும். முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. ஒலிக்கும், அல்லது நிற்கும். அதனால் பெரும்பாலும் பேஸ், அதாவது பாட்டின் அடித்தளமான கீழ்ச்சுரங்கள், அதன் வேலை. இரைச்சல் டிரம்ஸ் ஆகிவிடும். சரி, ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும் ஒரே குரலில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமா? ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக ஓட்டுவார்கள், காது சேர்த்துக் கேட்டுக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

அப்புறம், விளையாட்டின் சத்தங்களும் இதே ஐந்துக்குள்தான். சூப்பர் மாரியோ குதிக்கும்போது கூர்ந்து கேளுங்கள்: பாட்டின் ஒரு குரல் கணநேரம் மறையும். அப்படியும் பாட்டு உடையாதபடி அமைத்திருக்கிறார் அதன் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ. 1985இல் வந்த அந்த மெட்டு, 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. வீடியோ கேம் இசையில் அதுதான் முதல். சிப்டியூன் (பழைய கேம் சிப்புகளின் ஒலியில் அமையும் இசை) கலைஞர்கள் இன்றும் இதே குரல்களில் புதுப் பாட்டுகள் அமைக்கிறார்கள்.