வாந்தியை மறைக்காதீர்கள், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்

"எனக்கு 38 வயது. உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகப் போகிறது. 118 கிலோவிலிருந்து 98 கிலோவுக்கு வந்தேன். பத்து நாளாக எடை அசையவில்லை. சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. மலச்சிக்கல், எப்போதும் குளிர், காரணமே இல்லாமல் அழுகை. மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி; மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். ரொம்பச் சோர்வாக இருந்ததால் பக்கத்து கிளினிக்கில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. எடை குறைந்ததால் செருப்பு லூசாகிவிட்டது என்கிறார் கணவர். திட்டுவாரோ என்று சர்ஜனிடம் எதையும் சொல்லவில்லை. கடன் வாங்கிச் செய்த ஆபரேஷன். தப்புப் பண்ணிவிட்டேனோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை."
— வாசகி, ஈரோடு

பதில்:

அம்மா, எடை, முடி, அழுகை என்று வரிசையாக எழுதிய உங்களுக்குச் செருப்பு ஒரு வரிதான். எனக்கு அந்த ஒரு வரிதான் பயம் தருகிறது. செருப்பு லூசாகவில்லை. அது காலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டிய நரம்பு வேலை செய்யவில்லை. மூன்று வார வாந்தியையும் இந்த மதமதப்பையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோயிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். இதைப் படித்து முடிப்பதற்குள் கணவரிடம் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். பி1 சத்தை உடம்பு அதிகம் சேர்த்து வைப்பதில்லை. மொத்தக் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். தினமும் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் செலவாகிறது. சாப்பாடு உள்ளே தங்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு காலி. உங்களுக்கு அந்த மூன்று வாரமும் முடிந்துவிட்டது.

அப்புறம் அந்த குளுக்கோஸ் டிரிப். நம் ஊரில் சோர்வு என்று போய் உட்கார்ந்தால் ஒரு பாட்டில் ஏற்றி அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. உங்கள் நிலையில் அது ஆபத்து. குளுக்கோஸ் விறகு என்றால் பி1 தீக்குச்சி. விறகை அடுக்க அடுக்க, மிச்சமிருந்த ஒன்றிரண்டு குச்சியும் செலவாகிவிடும். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நரம்பு பாதிப்பு ஒரே நாளில் மோசமாகலாம், மூளை வரைக்கும் போகலாம். அந்த கிளினிக் மருத்துவரிடம் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்ததைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இனி காய்ச்சல், பல்வலி என்று எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுவாக இருக்க வேண்டும்.

இது புது நோயும் இல்லை. பெரிபெரி என்று பழைய பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 1890களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு மட்டுமே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி போட்டதும் எழுந்து நடப்பதையும் கவனித்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்து எடுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களிடம் இந்த நோய் குறைவாகவே இருந்தது. இன்று இதே நோயை, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத வீடுகளில், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஓயாமல் வாந்தி எடுப்பவர்களிடம் பார்க்கிறோம்.

ஆபரேஷன் நடந்த மருத்துவமனை ஒரு மணி நேரத்தில் எட்டுகிற தூரத்தில் இருந்தால் அங்கேயே போங்கள். தூரம் என்றால் பக்கத்தில் அவசரப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனையும் போதும், அரசு மருத்துவமனை உட்பட. சர்ஜனுக்குப் போகிற வழியில் போன் செய்யுங்கள். ஒரு தாளில் இதை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: "ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். மூன்று வாரமாக வாந்தி. பாதம் மரத்திருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி வேண்டும்." டியூட்டி டாக்டருக்கு இந்த நாலு வரி போதும். மாத்திரையாகக் கொடுத்தால் அதுவும் வாந்தியில் போய்விடும், ஆகவே ஊசியாக, ரத்தக்குழாய் வழியாகத்தான் போட வேண்டும். ஒரு வேளைக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை, சில நாட்களுக்குத் தொடர்ந்து போடுவார்கள். ரத்தத்தில் பி1 அளவு பார்க்கும் சோதனை முடிவு வர நாளாகும். அதற்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தேவைக்கு மேல் போனது சிறுநீரில் வெளியேறிவிடும், ஆனால் போடாமல் விட்டால் வரும் சேதம் நிரந்தரமாக நின்றுவிடக்கூடும்.

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, சில அறிகுறிகள் உங்கள் மனைவிக்கே தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்கிறாரா? கண்மணி தானாக ஆடுகிறதா? காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா? சற்று முன் பேசியதை மறந்து சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் மூளை பாதிக்கத் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்த வண்டியைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டவிட்டால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். பாதத்தில் மட்டும் இருக்கும் வரை பெரும்பாலும் மீட்டுவிடலாம். மதமதப்பு முழுக்கப் போக வாரங்களோ மாதங்களோ ஆகும், அதற்காகப் பதற வேண்டாம்.

வாந்தி ஏன் வருகிறது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, 100 முதல் 150 மில்லி பிடிக்கும் ஒரு குழாயைத்தான் விட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தாலோ முறுக்கியிருந்தாலோ இப்படி வாந்தி வரும். என்டோஸ்கோபியில் தெரிந்துவிடும், சுருக்கமாக இருந்தால் பெரும்பாலும் பலூன் வைத்தே விரித்துவிடலாம். கூடவே ஒரு கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வேன். எடை குறையக் குறைய மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவது உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் அதைத் தவிர்ப்பதே நல்லது.

மருந்துக் கடை மாத்திரையைப் பற்றி எனக்குக் கோபமாகவே இருக்கிறது. அது வாந்தி உணர்வை அடக்கும், அடைப்பை எடுக்காது. மூன்று வாரம் நீங்கள் வீட்டிலேயே இருக்க அந்த அட்டைதான் காரணம். மூட்டு வலிக்கு, தலைவலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். தையல் போட்ட இரைப்பையில் புண் வரும்.

மற்றவை பயப்படத் தேவையில்லாதவை. முடி கொட்டுவது ஆபரேஷனுக்கும் வேகமான எடைக் குறைவுக்கும் உடம்பு காட்டும் எதிர்வினை. மூன்றாவது மாதம் தொடங்கும், சில மாதம் கொட்டும், வேர் போகாது, புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். வீடியோ பார்த்து பயோட்டின் மாத்திரை வாங்க வேண்டாம். எடை பத்து நாள் நிற்பது எல்லோருக்கும் நடக்கும், வாரம் ஒரு முறைக்கு மேல் எடை பார்க்காதீர்கள். குளிர் எடுப்பது, சாப்பாடும் கொழுப்பும் குறைந்ததால். மலச்சிக்கல், தண்ணீர் உள்ளே போனால் சரியாகும். அழுகையை மட்டும் அப்படித் தள்ளிவிட மாட்டேன். முதல் சில மாதங்களில் மனம் இப்படி ஏறி இறங்குவது உண்டு. வாந்தி நின்ற பிறகும் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

தப்புப் பண்ணிவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதமே அந்தக் கேள்விக்காகத்தான் என்று எனக்குத் தெரிகிறது. இல்லை, நீங்கள் தப்புப் பண்ணவில்லை. 118 கிலோ உடம்பு ஒரு நோய், அதற்கு வைத்தியம் செய்துகொண்டீர்கள். இருபது கிலோ இறங்கியிருக்கிறது, முட்டி தாங்கும் பாரம் அவ்வளவு குறைந்திருக்கிறது. வாந்தி உங்கள் நாக்கு அடங்காததற்கான தண்டனை இல்லை. இந்த ஆபரேஷனில் வரக்கூடிய, சரிசெய்யக்கூடிய ஒரு சிக்கல். சர்ஜன் திட்டுவார் என்று பயந்தீர்கள். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றாலே தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் எந்த சர்ஜனும் நினைப்பார். ஒருவேளை இரண்டு வார்த்தை கடிந்து சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாந்தி அடங்கியதும் உடனே இட்லிக்குப் போகாதீர்கள். மறுபடி நீர் ஆகாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்: மோர், பருப்புத் தண்ணீர், கொழுப்பு நீக்கிய பால். அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது. தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது, 100 கிராம் மீனில் இருபது கிராம் வரை. ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுதான். அதனால் தட்டில் முதலில் முட்டையோ மீனோ பனீரோ பருப்போ, இடம் இருந்தால் பிறகு சோறு. டீஸ்பூனால் சாப்பிடுங்கள். ஒரு வாய் போட்டதும் ஸ்பூனைக் கீழே வையுங்கள், கூழாகும் வரை மென்று விழுங்கி, ஒரு நிமிடம் கழித்து அடுத்த வாய். நெஞ்சுக்குழியில் லேசாக அழுத்தம் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று வீட்டில் பெரியவர்கள் அன்போடு நீட்டுவார்கள், அந்த ஒரு வாய்தான் வாந்தியில் முடியும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மடக் மடக்கென்று குடிக்காமல் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டராவது குடித்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் மல்டிவைட்டமின் எழுதியிருப்பார்கள். விழுங்க முடியாமலோ விலை கட்டுப்படியாகாமலோ நிறுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மென்று சாப்பிடும் வகையும் விலை குறைந்ததும் இருக்கின்றன. அது ஆயுள் முழுக்கத் தேவை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுத்தால், பழைய அளவு இன்றைய உடம்புக்கு அதிகமாக இருக்கலாம், அந்த அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்கும் நேரமாகிவிட்டது. ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் எல்லாவற்றையும் இந்த அட்மிஷனிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.